துணிச்சல் யார் மேல் பாய்கிறது?

"கண்டிப்பான ஒரு ஆள் வேணும். பயம் இருந்தாத்தான் இந்த நாட்ல எதுவும் நடக்கும்."

தில்லியில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடத்துவது கஷ்டம். ஆர்.கே.புரம் மலை மந்திரில் பிரதோஷத்துக்கு வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள். லாஜ்பத் நகரில் காய்கறித் தள்ளுவண்டிக்காரர் இந்தியில் சொல்வார். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023-இல் 24 நாடுகளில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. நாடாளுமன்றமோ நீதிமன்றமோ குறுக்கே வராமல் முடிவெடுக்கும் வலுவான தலைவர் ஆள்வது நல்லது என்று இந்தியாவில் 67 சதவீதம் பேர் சொன்னார்கள். 2017-இல் இதே கேள்விக்கு 55 சதவீதம்.

படித்தவர்கள் பலர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மக்களுக்கு ஜனநாயகம் புரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜங்புரா பகுதியில் நெடுங்காலமாக வசிக்கிறேன். எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி, இந்த வாக்கியத்தைச் சொல்வார். எங்கள் வீட்டில் சமையல் வேலை செய்யும் அக்கா, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், அவரும் சொல்வார். ஆனால் இரண்டு பேரும் கேட்பது ஒரே ஆளை அல்ல. கூடவே உட்கார்ந்து கேட்டால்தான் அது தெரியவரும்.

செயலாளர் கேட்கும் ஆளைப் பற்றி முதலில் சொல்கிறேன். 2024 ஜூன் 28 விடியற்காலை தில்லியில் மழை கொட்டியது. சஃப்தர்ஜங் நிலையத்தில் ஒரே நாளில் 228 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் முழங்காலளவு சாக்கடைத் தண்ணீர். ஃப்ரிட்ஜ், மெத்தை, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் போயிற்று. யாரிடம் புகார் சொல்வது? சாலையோர வடிகால் என்றால் மாநகராட்சி. கொஞ்சம் அகலமான சாலையென்றால் பொதுப்பணித்துறை. பெரிய நாலா (கழிவுநீர் ஓடை) என்றால் நீர்ப்பாசனம் மற்றும் வெள்ளத் தடுப்புத் துறை. கழிவுநீர் என்றால் ஜல் போர்டு எனும் குடிநீர் வாரியம். காலி நிலம் என்றால் டிடிஏ எனும் தில்லி வளர்ச்சி ஆணையம். அந்த டிடிஏ மத்திய அரசின் கீழ், ஜல் போர்டு தில்லி அரசின் கீழ். ஒரே பள்ளத்துக்கு இத்தனை சொந்தக்காரர்கள். ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டினார்கள். நகரத்தின் வடிகால் திட்டமோ 1976-இல் போட்டது. அன்றைக்கு இங்கே இருந்த ஜனத்தொகை இன்றைக்கு இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தத் திட்டத்தை நம்பியே 2025 வரை ஓட்டினார்கள்.

இந்த நிலைமையில் ஒருவர், "எல்லாரையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே ஆள் கையில் கொடுங்கள்" என்று சொன்னால், அவருக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. ஏமாந்த மனிதனின் நியாயமான கோபம் அது. அதை முதலில் ஒத்துக்கொள்ளாமல் ஜனநாயகப் பாடம் எடுக்கப் போனால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம்.

துணிச்சலான ஆள் என்றால் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன். என் சித்தப்பா அப்போது ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தார். தேர்தல் என்றால் சுவரெங்கும் வண்ணம், நள்ளிரவு வரை ஒலிபெருக்கி என்றிருந்த ஊரில், ஒரு தேர்தலில் சுவர்கள் வெறுமையாக இருந்ததையும் பத்து மணிக்கு மைக் அணைந்ததையும் அவர் இன்னும் கண்கள் விரியச் சொல்வார். சேஷன் பாலக்காட்டுத் தமிழர், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். என்பதில் சித்தப்பாவுக்கு ஏக பெருமை.

1990 டிசம்பரிலிருந்து 1996 டிசம்பர் வரை தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த சேஷன் கையில் புதிய சட்டம் எதுவும் இருக்கவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-லேயே வந்தது. தேர்தல் நடத்தை விதிகளின் முதல் வடிவம் 1960-இல் கேரளத்தில் உருவானது. எல்லாம் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன, அவர் எழுப்பினார். அதுவும் யார் மேல்? அமைச்சர்கள் மேல், கட்சித் தலைவர்கள் மேல், ஆளுநர் மேல். 1993-இல் இமாசலப் பிரதேச ஆளுநராக இருந்த குல்ஷேர் அகமது, மத்தியப் பிரதேசத்தில் போட்டியிட்ட மகனுக்காகப் பிரசாரம் செய்யப் போனார். சேஷன் விட்டுவைக்கவில்லை. ஆளுநர் பதவி விலக நேர்ந்தது. ராஜ்பவனில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை, "நீங்கள் செய்தது தப்பு" என்று கேட்க ஒரு அதிகாரி இருந்தார் என்பது அன்றைக்குச் சாதாரண சமாசாரம் அல்ல.

அவருக்கும் கடிவாளம் தேவைப்பட்டது. 1993 ஆகஸ்ட்டில், ஆணையத்தின் அதிகாரத்தை மத்திய அரசு ஏற்கும்வரை எந்தத் தேர்தலும் நடக்காது என்று உத்தரவே போட்டுவிட்டார். நாடே திகைத்தது. அக்டோபரில் அரசு எம்.எஸ். கில், ஜி.வி.ஜி. கிருஷ்ணமூர்த்தி என்ற இரண்டு ஆணையர்களை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 1995-இல் தோற்றார். என் சித்தப்பாவுக்கு இன்றுவரை அதில் வருத்தம்தான், "கையைக் கட்டிப் போட்டுட்டாங்க" என்பார். எனக்கு அப்படிப் படவில்லை. மூன்று பேர் ஆணையமாகத்தான் 1996 மக்களவைத் தேர்தலை நடத்தினார்கள். அந்தத் தேர்தலின் ஒழுங்கை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்ததால் வேலை கெட்டுப்போகவில்லை. இன்றுவரை ஆணையம் மூவர் குழுவாகவே இருக்கிறது.

அவர் ஆரம்பித்த இன்னொன்று புகைப்பட வாக்காளர் அட்டை, 1993-இல். அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே நடத்தமாட்டேன் என்று அடம்பிடித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்புறம் இன்னொரு வகைத் துணிச்சல் இருக்கிறது. தில்லிக்கு அதில்தான் பழக்கம் அதிகம்.

நெருக்கடி நிலைக் காலத்தில் ஆபீசுக்கு எல்லோரும் பத்து மணிக்கு வந்தார்கள், ரயில் நேரத்துக்கு ஓடியது என்று சொல்லும் பெரியவர்கள் கரோல் பாகில் இன்னமும் உண்டு. பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்தது அது. அதே மாதங்களில் 1976 ஏப்ரலில் துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்தார்கள், எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது. அந்த 21 மாதங்களில் தில்லியில் இடிக்கப்பட்ட கட்டடங்களும் குடிசைகளும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் என்று, நெருக்கடி நிலை அத்துமீறல்களைப் பின்னால் விசாரித்த ஷா கமிஷன் கணக்கெடுத்தது. திரிலோக்புரி, மங்கோல்புரி போன்ற இடங்களுக்கு மக்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். 1977 தேர்தலில் தில்லியின் ஏழு தொகுதிகளையும் காங்கிரஸ் இழந்தது. நம் தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் அணி 39-இல் 34 இடங்களைப் பிடித்தது. புல்டோசரை நேரில் பார்த்த ஊரும் பார்க்காத ஊரும் ஒரே ஆட்சிக்கு இரண்டு வேறு தீர்ப்புக் கொடுத்தன.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் மோடி அறிவித்தபோது எங்கள் தெருவே கைதட்டியது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள். மறுநாள் விட்டு மறுநாள் வங்கி வாசலில் வரிசை தெரு முனையைத் தாண்டியது. வரிசையில் என் முன்னால் நின்ற பெரியவர் முழங்கால் வலியோடு, "எழுபது வருஷமா யாருக்கும் தைரியம் வரலை. நாட்டுக்காக நாம ரெண்டு மணி நேரம் நிக்கக் கூடாதா?" என்றார். அந்தக் குரலில் நடிப்பு இல்லை. தனக்குத் தெரியாமல் கோடி கோடியாகச் சேர்த்தவன் எவனோ இன்று தூக்கமில்லாமல் புரள்கிறான் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கைக்காகத்தான் வலியைப் பொறுத்துக்கொண்டார்.

அன்று புரண்டவர்களில் எங்கள் அக்காவும் ஒருவர். புருஷனுக்குத் தெரியாமல் அரிசி டப்பாவில் சிறுகச் சிறுகச் சேர்த்த சிறுவாட்டுப் பணம், எல்லாம் 500 ரூபாய் நோட்டு. கணக்கு இல்லை, மாற்றப் போனால் விரலில் மை வைத்தார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று ஒளித்து வைத்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதில் பாதி மகளுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் சொல்வார், மேற்கொண்டு சொல்லமாட்டார்.

செல்லாது என்று அறிவித்த 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் அறிக்கை கொடுத்தது. 99.3 சதவீதம். வராமல் அழிந்துபோகும் என்று அந்தப் பெரியவர் நம்பிய பணம் வந்தே விட்டது. அந்தக் கணக்கு வெளியான அன்று எங்கள் தெருவில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இதுதான் பெரிய கவலை. முடிவெடுத்த இரவுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, முடிவு என்ன ஆயிற்று என்பதற்குக் கிடைப்பதில்லை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. நான்கு மணி நேர அவகாசம். நாலே நாளில் ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். கூட இரண்டு நாள் கொடுத்திருந்தால் எத்தனை பேர் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று கேட்டவர்களை அன்று கோழைகள் போலப் பார்த்தார்கள்.

1949 நவம்பர் 25 அன்று இதே தில்லியில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தியோ சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும்தான் கொண்டுபோகும் என்றார். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் அவர் காலடியில் உங்கள் சுதந்திரத்தை வைக்காதீர்கள் என்றார். பெரிய மனிதர்களை மதிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நன்றிக்கும் எல்லை உண்டு என்றார்.

சரி, எங்கள் நாலாவுக்கு வருகிறேன்.

ஜங்புராவுக்கும் நிஜாமுதீனுக்கும் இடையே ஓடுவது பாராபுல்லா நாலா. தெற்கு தில்லியின் மழைநீரையும் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு யமுனையில் விழும். அதன் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது மதராசி கேம்ப். பெயரே சொல்லும், குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஜங்புரா, போகல், லாஜ்பத் நகர் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர்கள், சமைத்தவர்கள், குழந்தை பார்த்துக்கொண்டவர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். எங்கள் அக்காவும் அங்கேதான். வெள்ளத்துக்குப் பிறகு நாலாவைத் தூர்வாரும் விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்தில் வேகம் பிடித்தது. கரையில் வீடுகள் இருப்பதால் இயந்திரம் இறங்க முடியவில்லை என்றார்கள். 2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, நீதிமன்ற உத்தரவுப்படி ஜேசிபிகள் வந்தன. சுமார் 370 வீடுகள். பாதிக்குச் சற்று கூடுதலானவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். மற்றவர்கள் தகுதியற்றவர்கள்.

நரேலா எங்கே இருக்கிறது என்று தில்லிக்காரர்களுக்குத் தெரியும். நகரத்தின் வடக்கு மூலை, ஹரியானா எல்லை. அங்கிருந்து ஜங்புராவுக்கு ஒரு வழிக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் டிபன் முடித்து, ஒன்பதுக்கு அடுத்த வீடு என்று கணக்குப் போட்டு வாழ்ந்தவர்களால் அங்கிருந்து வந்து அந்த வேலையைச் செய்ய முடியாது. பிள்ளைகள் லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

தகுதியை எப்படி முடிவு செய்தார்கள்? 2015-க்கு முன்பிருந்தே அங்கே குடியிருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, எல்லாவற்றுக்கும் மேலே லேமினேட் செய்த பழைய வாக்காளர் அட்டை. அதில் இருபது சொச்சம் வயதுப் பெண்ணாக அக்கா முறைத்துக்கொண்டிருந்தார். "இது ஒண்ணுதாம்மா கேட்டதும் நம்புனாங்க" என்றார். மாமியார் வீட்டு முகவரி, கேம்ப் எண்ணோடு அச்சாகியிருந்தது. சேஷன் அமைச்சர்களோடு மல்லுக்கு நின்று வாங்கிய அட்டை. நரேலாவில் ஒரு வீட்டுச் சாவி அக்காவுக்குக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்துக் குடிசையில், மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது அட்டையில் முகவரியை மாற்றாததால் அந்தக் குடும்பம் பட்டியலில் இல்லை.

வீடு இடிந்த வாரத்தில் அக்காதான் மறுபடி சொன்னார். "கண்டிஷனா ஒருத்தர் இருந்தா இப்படி ஆயிருக்காதும்மா."

எனக்கு முதலில் புரியவில்லை. இதற்கு மேல் கண்டிப்பு என்ன வேண்டும்? கேட்டேன். விளக்கினார். ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சிக்காரர்களும் கேம்புக்குள் வந்து, குடிசை இருக்கும் இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கவுன்சிலரைக் கேட்டால் எம்.எல்.ஏ. என்பார், எம்.எல்.ஏ.வைக் கேட்டால் டிடிஏ என்பார். மனு கொடுக்கப் போனால் "கல் ஆனா", நாளைக்கு வா. "சொன்ன வார்த்தையைச் செய்யலன்னா அந்த ஆபீசரை நிக்க வெச்சிக் கேக்கற மாதிரி ஒரு ஆளு. அதத்தாம்மா சொல்றேன்."

செயலாளர் கேட்கும் கண்டிப்பான ஆள் நாலாக் கரையைக் காலி செய்கிறவர். அக்கா கேட்கும் கண்டிப்பான ஆள், காலி செய்யச் சொல்லும் அதிகாரியிடம் கணக்குக் கேட்கிறவர். இருவரும் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறார்கள். அந்த 67 சதவீதத்துக்குள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். மேடையில் மார்தட்டும் தலைவருக்கு இது ரொம்ப வசதி. இரண்டு பேரின் ஓட்டும் அவருக்கே. வேலை என்று வரும்போது யார் மேல் கை வைப்பது சுலபமோ அங்கே வைப்பார். பலவீனமானவர் மேல் கை வைக்கத் துணிச்சல் தேவையில்லை, அதிகாரம் கையில் இருந்தால் போதும். அதையும் வீரம் என்றே நாம் எண்ணுகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றவில்லை.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு: கால்காஜியில், குடிசைப் பகுதிக்குப் பக்கத்திலேயே டிடிஏ 3,024 வீடுகள் கட்டி, 2022 நவம்பரில் பிரதமரே சாவி கொடுத்தார். பல வருடம் இழுத்த வேலை, பட்டியலில் விடுபட்டவர்கள் பாடு அங்கேயும் திண்டாட்டம்தான். ஆனாலும் வீட்டைக் கட்டிவிட்டு, பிறகு ஆளைக் கூப்பிடுவது நடக்காத காரியம் இல்லை.

சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாயும், நம் பொள்ளாச்சிக்காரரான கே.வி. விஸ்வநாதனும், 15 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டை இடிக்கக் கூடாது, மீறினால் அதிகாரி சொந்தப் பணத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், நீர்நிலை ஆகிய இடங்களில் அனுமதியின்றிக் கட்டியவற்றுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் அது பொருந்தாது. தில்லியில் ஏழைகளுக்கு வீடு கட்ட வேறு எந்த இடம் மிச்சம் இருந்தது? மதராசி கேம்ப் இந்த இரண்டு விலக்குக்குள்ளும் விழுந்துவிட்டது.

கேம்ப் போன பிறகு எங்கள் சங்கக் கூட்டத்தில் செயலாளருக்கு மாலை போடாத குறை. நான் எழுந்து நாலாவைப் பற்றி இல்லாமல், எங்கள் தெரு வடிகாலைப் பற்றிக் கேட்டேன். கார் ஏறுவதற்கென்று வீட்டுக்கு வீடு வடிகால் மேல் சிமென்ட் சரிவு போட்டு மூடியிருக்கிறோம். எங்கள் வீட்டு வாசலில் வீட்டுக்காரர் போட்டதும் உண்டு. அது அரசு நிலம், அனுமதி கிடையாது, தூர்வார மண்வெட்டி நுழையாது. நாலாக் கரை ஆக்கிரமிப்பு என்றால் இது என்ன? எந்த ஜேசிபியும் இந்தத் தெருவுக்குள் வந்ததில்லையே, ஏன்? கூட்டத்தில் சலசலப்பு. ஒருவர், "அதுக்கு நோட்டீஸ் கொடுத்து, டைம் கொடுத்து, முறையாப் பண்ணணும் மேடம்" என்றார். ஆமாம், அப்படித்தான் பண்ண வேண்டும் என்றேன், எல்லோருக்கும்.

செயலாளரை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். அவர் கோபப்படவில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் எழுதச் சொன்னார்: எல்லா வீடுகளும் ஒரு மாதத்துக்குள் சரிவை எடுத்துவிட்டு இரும்புக் கிராதி போட வேண்டும், முதலில் சங்க நிர்வாகிகள் வீடு. எங்கள் வீட்டுக்காரர் சம்மதிக்க ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேச வேண்டியிருந்தது. மூலை வீட்டில் செல்வாக்குள்ள ஒரு கட்சிக்காரர் இருக்கிறார், அவருடைய சரிவு தெருவிலேயே பெரியது, மூன்று கார் நிற்கும். அவர் வீட்டுக் கதவைத் தட்ட யார் போவது என்பதில் இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் போகிறேன் என்று சொல்லப்போகிறேன். கூட வர இரண்டு பேரைக் கேட்டிருக்கிறேன்.